கரும்பின் கதை – 6: நாணலுக்கு வாழ்க்கைப்பட்ட கரும்பு

சென்ற வாரம் கோதாவரிப் படுகையில் நிறுத்தியிருந்தேன். கரும்பைப் பிளந்தால் உள்ளே சிவப்பு, நடுநடுவே வெள்ளைத் திட்டு, மூக்கைத் துளைக்கும் புளித்த வாடை. செவ்வழுகல் நோய் தோட்டம் தோட்டமாகத் தின்றுகொண்டே போனது. 1902-ல் சாமல்கோட்டையில் அரசாங்கம் ஒரு கரும்புப் பண்ணையைத் திறந்தது. நோயை எதிர்கொள்ளும் பணியில் இறங்கியவர் சென்னை மாகாணத்தின் அரசுத் தாவரவியலாளர் சார்லஸ் ஆல்ஃபிரட் பார்பர்.

அதற்கு முந்தைய வாரங்களில் கடல் கடந்து போயிருந்தோம். 1858-ல் பார்படோஸ் தீவில் பாரிஸ் என்ற தோட்டக்காரர், தன் நிலத்தில் புல்லைப் போல முளைத்துக் கிடந்தவை கரும்பின் விதையிலிருந்து வந்த கன்றுகள் என்று சொன்னார். உலகம் காது கொடுக்கவில்லை. 1880-களில் ஜாவாவில் சொல்ட்வெடலும், 1888-ல் அதே பார்படோஸில் ஹாரிசனும் பொவெலும் கன்றுகளை வளர்த்துக் காட்டிய பிறகுதான் கரும்பு விதை தரும் என்பது நிலைபெற்றது.

இந்த வாரம், அந்த விதையை நம்பி நம் ஊரில் ஒரு நிலையமே எழுந்த கதை.

* * *

கரும்பு நட்டவர்களுக்கு இது புதிதல்ல. முப்பருக் கரணையாக வெட்டுகிறோம். தண்ணீர் கட்டிய பாரில் படுக்கவைத்து, காலால் மிதித்துச் சேற்றில் பதிக்கிறோம். சில நாளில் பரு கிளம்பிவிடுகிறது.

கிளம்புவது அந்தக் கரும்பின் பிள்ளை அல்ல. அதே கரும்பு. வெட்டிய துண்டு தன்னையே மறுபடி வளர்த்துக்கொள்கிறது. நூறு ஏக்கரில் அசைந்து நிற்பது, உண்மையில் ஒரே செடி.

கரும்பின் பலம் அதில்தான். நல்ல ரகம் ஒன்று கையில் கிடைத்துவிட்டால் அது பேரன் காலத்திலும் அப்படியே இருக்கும். கரும்பின் ஆபத்தும் அதில்தான். ஒரு கரும்பைக் கொல்லத் தெரிந்த நோய்க்கு எல்லாக் கரும்பையும் கொல்லத் தெரியும். நெல் வயலில் நோய் வந்தால் எங்கோ நாலு பயிர் வேறு குணத்தோடு தப்பி நிற்கக்கூடும். கரும்புக் கொல்லையில் அந்த நாலு பயிர் கிடையாது.

வேறுபட்ட கரும்பு வேண்டுமென்றால் பழைய நாட்களில் இரண்டே வழிகள் இருந்தன. ஒன்று, வேற்று மண்ணிலிருந்து கரணை கொண்டுவருவது. 1768-ல் பூகன்வில்லின் கப்பல் தஹிதியிலிருந்து மொரீஷியஸுக்குக் கொண்டுபோன கரும்பு, பிறகு பாதி உலகத்தின் தோட்டங்களை நிரப்பியதை மூன்றாம் பகுதியில் பார்த்தோம்.

இன்னொன்று, கரும்பு தானாக மாறும் வரை காத்திருப்பது. கோடு போட்ட கரும்பின் தூரில் ஒரு பரு மட்டும் கோடில்லாமல் கிளம்பும். அதை வெட்டித் தனியாக நட்டால் அது ஒரு புது ரகம். ஜாவாவின் கறுப்புச் செரிபான், வெள்ளைச் செரிபான், கோட்டுச் செரிபான் மூன்றும் இப்படி ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்தவை. ஆனால் மாறியது பெரும்பாலும் தோலின் நிறம்தான். உள்ளே இருந்தது பழைய கரும்பேதான்.

விதை இந்த இரண்டையும் மீறிய மூன்றாவது வழி. அதில் தாயும் தகப்பனும் கலக்கிறார்கள். பிறக்கும் கன்றுகளில் ஒன்றைப் போல் இன்னொன்று இருப்பதில்லை.

* * *

விரல் பருமன் கரும்பு

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவின் கரும்பு நிலத்தில் மிகப் பெரும்பகுதி வடக்கே இருந்தது. பஞ்சாப், ஐக்கிய மாகாணம், பீகார். நம் பக்கத்துத் தடித்த கரும்பைப் பார்த்துப் பழகியவர்கள் அங்கே வயலில் நின்றதைக் கரும்பு என்று ஒப்புக்கொள்ளத் தயங்கியிருப்பார்கள். விரல் பருமன்தான் இருக்கும். கடித்தால் பல்லுக்கு வேலை. சாறு குறைவு, நார் அதிகம்.

கத்தா, சரேத்தா, சுன்னி, கன்சார் என்று அவற்றுக்கு ஊருக்கு ஒரு பெயர். அந்த விவசாயிகள் அறியாமையால் அதைப் பயிரிட்டார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். தை மாதத்தில் உறைபனி விழும் மண் அது. சித்திரை வைகாசியில் அனல் காற்று அடிக்கும். தெற்கின் தடித்த கரும்பு அங்கே ஒரு குளிர்காலத்தைத் தாண்டுவதே பெரும்பாடு. தாங்கி நின்றது இந்த ஒல்லிக் கரும்பு மட்டும்தான்.

அந்த வயல்களில் விளைந்தது வெல்லத்துக்குப் போனது. வெள்ளைச் சர்க்கரை ஜாவாவிலிருந்து கப்பலில் வந்து இறங்கியது. கரும்பு காலங்காலமாக விளைந்த நாடு சர்க்கரைக்குக் கடல் பார்த்து நின்ற காலம் அது. மதன் மோகன் மாளவியா போன்றவர்கள் மத்திய சட்டமன்றத்தில் இந்த நலிவைப் பேசினார்கள். பூசாவில் கூடிய வேளாண் வாரியம், நாட்டுக்கென்று ஒரு கரும்பு இனவிருத்தி நிலையம் வேண்டும் என்றது.

1912-ல் நிலையம் வந்தது. பஞ்சாபிலோ பீகாரிலோ அல்ல, கோயம்புத்தூரில்.

வடக்கின் கரும்பைச் சீர்திருத்த, வடக்கிலிருந்து 2000 கிலோமீட்டர் தள்ளி ஒரு நிலையமா? காகிதத்தில் பார்த்தால் பொருந்தாத முடிவு. இந்தக் கதையின் முதல் திருப்பம் அந்த முடிவுதான் என்று நான் நினைக்கிறேன்.

* * *

பூக்கும் ஊர்

பூத்த கரும்பைக் கண்டால் விவசாயிக்கு வயிறு கலங்கும். பூங்கதிர் கிளம்பிய பிறகு கரும்பு வளர்வதில்லை. நாளாக ஆகத் தண்டு உள்ளே வெண்டாகிச் சக்கையாகும். பூக்காத கரும்புதான் அவருக்கு நல்ல கரும்பு.

இனவிருத்தி செய்பவருக்கு இது தலைகீழ். பூவில்லாமல் விதையில்லை, விதையில்லாமல் புதுக் கரும்பு இல்லை.

வடக்கே கரும்பு பூப்பதே அரிது. பூத்தாலும் விதை பிடிப்பதில்லை. கோயம்புத்தூரில் ஐப்பசி கார்த்திகையில் கொல்லை முழுக்க வெள்ளிக் குஞ்சம் கட்டியது போல் பூத்து நிற்கும். வடக்கின் ஒல்லிக் கரும்பு ரகங்கள் பலவும் இங்கே நட்டால் பூத்தன. விதையும் உயிரோடு இருந்தது.

அது ஏன் என்று 1912-ல் யாருக்கும் தெரியாது. பகலின் நீளம் பூப்பதைத் தீர்மானிக்கிறது என்று கார்னரும் அல்லார்டும் அமெரிக்காவில் எழுதியது 1920-ல்தான். இன்று சொல்ல முடிகிறது. கரும்பு பூவெடுக்கப் பகல் ஏறக்குறைய பன்னிரண்டரை மணி நேரமாக இருந்து மெல்லக் குறுக வேண்டும், இரவு குளிராமல் இருக்க வேண்டும். 11 டிகிரி வடக்கில் இருக்கும் கோயம்புத்தூரில் பகல் குறுகுவது மெதுவாக நடக்கிறது, இரவும் இதமாக இருக்கிறது. வடக்கே பகல் அந்த அளவுக்குக் குறுகிப் பூக் கிளம்பும் காலத்தில் குளிர் முந்திக்கொள்கிறது.

காரணம் தெரியாமலே இடத்தைச் சரியாகப் பிடித்தார்கள். சைதாப்பேட்டையிலிருந்து 1906-ல் கோயம்புத்தூருக்கு வந்த வேளாண் கல்லூரியும் பக்கத்தில் இருந்தது. நிலையத்தின் பொறுப்பு பார்பரிடம் வந்தது. மேற்கிந்தியத் தீவுகளில், லீவர்ட் தீவுகளின் வேளாண் பொறுப்பில் 1890-களில் வேலை பார்த்தவர் அவர். பக்கத்துப் பார்படோஸில் கன்றுக் கரும்பு புதிதாகப் பேசப்பட்ட காலத்தில் அங்கே இருந்தவர்.

அவருக்கு உதவியாளராக 1912-ல் சேர்ந்தார் 28 வயது இளைஞர் ஒருவர். பெயர் திருவாடி சாம்பசிவ வெங்கடராமன்.

* * *

விடியற்காலை வேலை

கரும்புப் பூவைக் கிட்டத்தில் பார்த்தவர்கள் குறைவு. ஒரு பூங்கதிரில் ஆயிரக்கணக்கான பூக்கள். ஒவ்வொன்றும் அரிசிக் குருணையைவிடச் சிறிது. அடியில் பட்டு மயிர் சூழ்ந்திருக்கும். உள்ளே மூன்று மகரந்தப் பைகள், இறகு போல் விரிந்த இரண்டு சூல்முடிகள். அவ்வளவுதான்.

விடிவதற்கு முன்பிருந்தே பூ திறக்கத் தொடங்கும். வெயில் ஏறுவதற்குள் வேலை முடிந்துவிட வேண்டும், ஏனென்றால் கரும்பின் மகரந்தம் வெளியே வந்தபின் உயிரோடு இருப்பது அரை மணி நேரம் போலத்தான்.

நெல்லிலோ பருத்தியிலோ கலப்புச் செய்கிறவர் தாய்ப் பூவின் மகரந்தப் பைகளை ஊசியால் எடுத்துவிடுவார். கரும்பில் அது நடக்காது. ஒரு கதிரில் ஆயிரம் பூவுக்கு யார் ஊசி பிடிப்பது? தன் மகரந்தமே தன்மேல் விழுந்தால் கலப்பு நடந்ததா இல்லையா என்று எப்படிச் சொல்வது?

இங்கே கரும்பின் ஒரு குறை கை கொடுத்தது. தடித்த கரும்பு ரகங்கள் பலவற்றில் மகரந்தம் செத்தே பிறக்கும். ஜாவாவில் கறுப்புச் செரிபானிடம் வாக்கர் என்ற டச்சுக்காரர் 1890-களிலேயே இதைக் கண்டிருந்தார். மகரந்தத்தில் ஒரு சொட்டு அயோடின் விட்டுப் பார்த்தால் போதும். மாவுச்சத்து நிறைந்த மகரந்தம் கருநீலமாகும். செத்தது வெளுத்துக் கிடக்கும். மகரந்தம் செத்த கரும்பைத் தாயாக வைத்துக்கொண்டால் ஊசி வேண்டாம். வெளியிலிருந்து வரும் மகரந்தம் மட்டுமே பிடிக்கும்.

ஆக, முறை இதுதான். தாய்க் கதிரை மற்ற பூக்களிலிருந்து மறைத்துக் காக்க வேண்டும். விடியும் நேரத்தில் தகப்பன் கதிரை வெட்டிவந்து அதன்மேல் உதற வேண்டும். மறுநாளும் அதே வேலை. கதிர் பூத்து முடியும் வரை அதே வேலை.

யாரைத் தாயாக வைப்பது, யாரைத் தகப்பனாக வைப்பது என்ற கேள்விதான் மிச்சம்.

* * *

வாய்க்கால் ஓரத்துத் தகப்பன்

எளிதாகத் தோன்றும் வழி ஒன்று இருந்தது. தெற்கின் தடித்த கரும்பு, வடக்கின் ஒல்லிக் கரும்பு. இனிப்பும் பருமனும் ஒரு பக்கம், தாங்கும் சக்தி மறுபக்கம். ஜாவாவில் கோபஸ், நம் சுன்னிக் கரும்பைக் கொண்டுபோய்ச் செரிபானோடு கலந்து ஏற்கெனவே பலன் கண்டிருந்தார். பார்பர் வடக்கின் ஒல்லிக் கரும்புகளை ஆண்டுக்கணக்கில் திரட்டி, சரேத்தா, சுன்னபீல், முங்கோ, நர்கோரி, பன்சாஹி என்று குடும்பங்களாகப் பிரித்து வைத்திருந்தார். அவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னாளில் அவர் பெயரையே அறிவியல் பெயராகச் சூட்டினார்கள்.

கோயம்புத்தூரில் அந்தக் கலப்புகளும் நடந்தன. ஆனால் வரலாற்றைத் திருப்பியது வேறொன்று.

நாணல். நம் வாய்க்கால் ஓரத்திலும் ஆற்று மணலிலும் கேட்பாரற்று வளர்வது. வங்காளத்தில் சரத் காலம் வந்தால் இதே நாணல்தான் வெண்மையாகப் பூத்துத் துர்கா பூஜையை அறிவிக்கும். சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' படத்தில் துர்காவும் அப்புவும் ரயிலைப் பார்க்க ஓடும் அந்த வெண்பூ வெளி இதுதான்.

கரும்பின் காட்டு உறவு அது. ஆனால் சர்க்கரை கிட்டத்தட்ட இல்லை. தண்டு பென்சில் பருமன். வயலுக்குள் வந்துவிட்டால் வேர்த்தண்டு போட்டுப் பரவும், பிடுங்கி மாளாது. சர்க்கரைக்காக வளர்க்கும் பயிரில், சர்க்கரையே இல்லாத ஒரு களையைச் சேர்ப்பதா?

எதிர்த்துச் சொல்ல நியாயம் இருந்தது. தடித்த கரும்பும் நாணலும் கலந்தால் முதல் தலைமுறை ஒல்லியாகத்தான் வரும், நார் மிகுந்திருக்கும், இனிப்பு பாதியாகக் குறையும். மறுபடி மறுபடி தடித்த கரும்போடு கலந்தால்தான் இனிப்பு திரும்பும். ஒவ்வொரு கலப்புக்கும் சில ஆண்டுகள் போகும். ஜாவாக்காரர்கள் பின்னால் நடந்த பாதை இதுதான். அதன் முடிவில், 1921-ல் யெஸ்வீட் உருவாக்கிய பி.ஓ.ஜே. 2878, பத்தாண்டுக்குள் ஜாவாவின் கரும்பு நிலத்தை ஏறக்குறைய முழுதாகப் பிடித்துக்கொண்டது.

பார்பர் அதற்கு முன்பே, நேராக நாணலிடம் போனார்.

தாய், 'வெள்ளை' என்று பெயர் கொண்ட தடித்த கரும்பு. தகப்பன், கோயம்புத்தூர் வட்டாரத்து நாணல்.

* * *

விதை முற்றியதும் கதிர் பஞ்சாக உதிரும். அந்தப் பஞ்சுக்குள் விதை எங்கே என்று தேட வேண்டும், அவ்வளவு பொடி. சாதாரண வெப்பத்தில் சில வாரங்களிலேயே முளைப்புத் திறன் போய்விடும். எனவே உடனே விதைக்க வேண்டும். மணலும் மக்கிய எருவும் கலந்த மண்ணின் மேல் பஞ்சைப் பரப்பி, அமுக்கி, காயவிடாமல் பூவாளியால் நனைத்துக்கொண்டே இருந்தால், சில நாட்களில் பச்சை மயிர் போல எழும். யாரும் அதைக் கரும்பு என்று சொல்ல மாட்டார்கள்.

அங்கிருந்துதான் இந்தத் தொழிலின் உண்மையான உழைப்பு தொடங்குகிறது. ஒரு நாற்றங்காலில் நிற்கும் அத்தனை கன்றும் ஒரே தாய்க்கும் தகப்பனுக்கும் பிறந்தவை. ஆனாலும் ஒன்று தடித்திருக்கும், ஒன்று புல்லாகவே நிற்கும். ஒன்று தூர் கட்டும், ஒன்று கட்டாது. ஒன்றின் சாறு இனிக்கும், பத்தின் சாறு சப்பென்றிருக்கும். ஒவ்வொன்றையும் தனித்தனியாக நட்டு, வளர்த்து, வெட்டி, சாறு பிழிந்து அளந்து, பெரும்பாலானவற்றைத் தூக்கி எறிய வேண்டும்.

ஆனால் கரும்பு இங்கே ஒரு சலுகையும் தருகிறது. நெல்லில் நல்ல கலப்புச் செடி ஒன்று கிடைத்தால் கதை அப்போதுதான் ஆரம்பம். அதன் விதையிலிருந்து வரும் அடுத்த தலைமுறை சிதறிப்போகும். ஐந்தாறு தலைமுறை பொறுக்கி எடுத்தால்தான் குணம் நிலைக்கும். கரும்பில் அந்தக் காத்திருப்பு இல்லை. தேறிய கன்று ஒன்றே ஒன்றாக இருந்தாலும் போதும். அதை வெட்டிக் கரணையாக நட்டால், அதன் அத்தனை குணமும் அப்படியே நின்றுவிடும்.

முன்பு கரும்பைச் சிறைப்படுத்தி வைத்திருந்த அதே கரணை, புதுக் கரும்பு பிறந்த மறுகணமே அதைக் காக்கும் கையாகிவிட்டது. கரும்பு, உருளை, மரவள்ளி, வாழை என்று துண்டிலிருந்து வளரும் எல்லாப் பயிருக்கும் இது பொருந்தும். வேறுபாட்டை ஒரு முறை விதையால் உண்டாக்கு, பிறகு விதையை மறந்துவிடு.

அப்படித் தேறிய ஒரு கன்றுக்கு கோ 205 என்று எண் போட்டார்கள். 'கோ' என்பது கோயம்புத்தூர்.

* * *

பஞ்சாபில் ஒரு புதுக் கரும்பு

தெற்கே ஒரு தோட்டக்காரரிடம் கோ 205-ஐக் காட்டியிருந்தால் முகம் சுளித்திருப்பார். ஒல்லி, நார். தடித்த கரும்போடு ஒப்பிட்டால் அது நிற்க முடியாது.

ஆனால் அது போட்டியிட வேண்டியது தடித்த கரும்போடு அல்ல, பஞ்சாபின் கத்தாவோடு. கத்தாவும் ஒல்லிதான், கத்தாவிலும் நார்தான். 1918-ல் பஞ்சாபுக்குப் போன கோ 205, கத்தாவைவிட ஏறக்குறைய 50 சதவீதம் கூடுதலாக விளைந்தது. தாயிடமிருந்து வந்த எடையும், தகப்பனிடமிருந்து வந்த முரட்டுத்தனமும் அந்த மண்ணில் ஒன்றாக வேலை செய்தன.

எந்தக் கரும்பு நல்ல கரும்பு என்பதை அதைப் பயிரிடுகிற மண்தான் முடிவு செய்யும் என்று அன்று அந்த நிலையத்தில் இருந்தவர்கள் புரிந்துவைத்திருந்தார்கள். மறுபடி கலந்து, மறுபடி கலந்து, இன்னும் பத்தாண்டு கழித்து முழுமையான கரும்பைத் தருவோம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. முதல் தலைமுறையே அந்த விவசாயிக்குப் போதும் என்று கண்டு கொடுத்தார்கள். நாணலின் ரத்தம் கொண்ட ஒரு கரும்பு, மனிதக் கையால் கலக்கப்பட்டு விவசாயியின் வயலுக்குப் போனது உலகிலேயே அதுதான் முதல் முறை.

1919-ல் பார்பர் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார். ஏழாண்டு உதவியாளராக இருந்த வெங்கடராமன் நிலையத்தின் பொறுப்பை ஏற்றார். 1942 வரை, 23 ஆண்டுகள் அவர் கையில் இருந்தது அது.

* * *

வெங்கடராமன் காலத்தில் வேலையின் வேகமே மாறிப்போனது.

பெரிய இடைஞ்சல் ஒன்று இருந்தது. தாய் ஒரு வயலில், தகப்பன் இன்னொரு வயலில். கதிரை வெட்டி எடுத்துவந்தால் வாடிவிடுகிறது. அதற்கு நம் தோட்டக்காரர்கள் மாதுளையிலும் கொய்யாவிலும் செய்யும் விண்பதியத்தைக் கரும்புக்குக் கொண்டுவந்தார்கள். பூக்கப் போகும் கரும்பின் கணுவைச் சுற்றி மண் கட்டி, ஈரம் காத்து, அங்கேயே வேர் விடச் செய்வது. வேர் விட்டதும் கீழே வெட்டினால், கரும்பு தன் வேரோடும் பூவோடும் எங்கே வேண்டுமானாலும் வந்து நிற்கும். வேண்டிய தாயையும் வேண்டிய தகப்பனையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திவிடலாம்.

பிறகு ஒன்றன்பின் ஒன்றாக ரகங்கள் வந்தன. ஜாவாவின் பி.ஓ.ஜே. 213-ஐ நம் கன்சாரோடு கலந்து பிறந்த கோ 213, பீகாரிலும் ஐக்கிய மாகாணத்திலும் பரவியது. கோ 281-ல் தடித்த கரும்பு, வடக்கின் ஒல்லிக் கரும்பு, நாணல் மூன்றின் ரத்தமும் ஓடியது. அதுவும் கோ 290-ம் அமெரிக்காவின் லூசியானாவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் போயின. கரணை வாங்கிக்கொண்டிருந்த நாடு கரணை கொடுக்கத் தொடங்கியது. தெற்கின் வயல்களைப் பின்னால் ஆண்ட கோ 419, கோ 290-ஐ ஜாவாவின் பி.ஓ.ஜே. 2878-ஓடு கலந்து வந்தது.

1932-ல் சர்க்கரைத் தொழிலுக்குப் பாதுகாப்பு வரி வந்தது. அந்த நேரத்தில் நாட்டில் சுமார் 30 ஆலைகள். ஐந்தே ஆண்டில் 130-ஐத் தாண்டின. வரி இல்லாமல் ஆலைகள் வந்திரா. ஆனால் அரைக்கக் கரும்பு இல்லாமல் வரியால் மட்டும் ஓர் ஆலையும் ஓடியிராது. ஜாவாச் சர்க்கரை இந்தியத் துறைமுகங்களிலிருந்து ஏறக்குறைய மறைந்தது.

ஒரு கவலையையும் இங்கே பதிவு செய்தாக வேண்டும். கத்தா, சுன்னி, கன்சார் போன்றவை நூற்றாண்டுக் கணக்கில் வடநாட்டு விவசாயிகள் காத்து வைத்தவை. கோயம்புத்தூர் ரகங்கள் பரவப் பரவ அவை வயலை விட்டுப் போயின. எஞ்சியவை ஆராய்ச்சி நிலையங்களின் சேகரிப்பில் வாழ்கின்றன. அதைவிடப் பெரிய கவலை, இன்று உலகில் பயிராகும் கரும்பில் பெரும்பாலானவற்றின் காட்டு ரத்தம் விரல்விட்டு எண்ணக்கூடிய சில நாணல் செடிகளிலிருந்து வந்தது. வேறுபாட்டைத் தேடிப் புறப்பட்ட பயணம், வெற்றி பெற்ற இடத்தில் மறுபடி குறுகி நின்றது. அந்த விலை என்ன என்பதைச் செவ்வழுகல் நோய் பின்னால் திரும்பி வந்து கேட்கும். அந்தக் கதைக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன.

* * *

தப்பிய கணக்கு

வயலில் கரும்பு ஜெயித்துக்கொண்டிருந்தபோது, நுண்ணோக்கிக்கு அடியில் ஒரு புதிர் காத்திருந்தது.

கரும்பின் வேர் நுனியை எடுத்து, சாயம் ஏற்றி, குரோமோசோம்களை எண்ணும் வேலையை ஜாவாவில் பிரேமர் என்ற டச்சு ஆய்வாளர் 1920-களில் தொடங்கினார். தடித்த கரும்பில் 80. நாணலில் ஊருக்கு ஊர் எண்ணிக்கை வேறு. ஜாவாவின் நாணலில் 112, கோயம்புத்தூர் நாணலில் 64.

பள்ளிக்கூடத்துப் பாடம் என்ன சொல்கிறது? தாய் பாதி தருவாள், தகப்பன் பாதி தருவான். வெள்ளைக் கரும்பின் 80-ல் பாதி 40. நம் நாணலின் 64-ல் பாதி 32. பிறக்கும் பிள்ளையில் 72 இருக்க வேண்டும்.

கோ 205-ல் இருந்தது 112.

எண்ணியவர் பிசகிவிட்டார் என்று சொல்வதற்கும் வழியில்லை. ஜாவாவில் ஒரு மலைச்சரிவில், தடித்த கரும்பும் நாணலும் மனிதர் கை படாமல் தாமாகவே கலந்து பிறந்த 'கஸூர்' என்ற கரும்பு இருந்தது. அதன் கணக்கு 40-ம் 56-ம் சேர்ந்து 96 ஆக வேண்டும். பிரேமர் எண்ணியது 136.

ஒரு தீபகற்பம், ஒரு தீவு, இரண்டு வேறு நாணல்கள், ஒன்று கையால் நடந்த கலப்பு, ஒன்று காற்றால் நடந்த கலப்பு. இரண்டிலும் கூடுதலாக நின்றது அதே 40.

இன்னும் ஒன்று. தடித்த கரும்பைத் தடித்த கரும்போடு கலந்தால் இந்தத் தவறு நேர்வதில்லை. பாதியும் பாதியும் சேர்ந்து 80 வந்து நிற்கிறது. தாய்க் கரும்பு அதேதான், பூவும் அதேதான். மகரந்தம் கரும்பினுடையதா நாணலுடையதா என்பது மட்டுமே வேறு.

1934-ல் கோயம்புத்தூர் நிலையத்துக்கு ஒரு பெண் ஆய்வாளர் வந்து சேர்ந்தார். தலச்சேரியில் பிறந்து, அமெரிக்காவின் மிச்சிகனில் முனைவர் பட்டம் பெற்ற இ.கே. ஜானகி அம்மாள். வெங்கடராமன் அதற்குள் நாணலையும் தாண்டிப் போய்விட்டிருந்தார். கரும்பைப் பெரியமஞ்சள் சோளத்தோடு கலந்து பார்த்தவர், அடுத்து மூங்கில் பக்கம் பார்வையைத் திருப்பவிருந்தார். அந்தக் கலப்புகளையும் கரும்பின் குரோமோசோம்களையும் நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்க்க வேண்டிய பொறுப்பு ஜானகி அம்மாளிடம் வந்தது.

தன் இனத்து மகரந்தம் விழும்போது கணக்காகப் பாதியை மட்டும் தரும் தாய்க் கரும்பு, வாய்க்கால் ஓரத்து நாணலின் மகரந்தம் விழும்போது மட்டும் கூடுதலாக 40-ஐ எங்கிருந்து எடுத்துக் கொடுக்கிறது?

(அடுத்த வாரம் தொடரும்)